தம்பியின் மீட்புத் திறப்பு

ஊரில் சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம். என் தம்பி கொழும்பில் ஒரு புத்தகக் கடையில் வேலை செய்தான். அது வெளியில் சொல்வதற்கு. பிள்ளையைக் காணவில்லை என்று அலையும் தாய் தகப்பன்மார் அவனைத் தேடி வருவார்கள். யார் வந்து கூட்டிக்கொண்டு போனது, அதைக் கண்டது யார், கண்டவர் இப்போது எங்கே ஒளிந்திருக்கிறார் என்று விசாரித்து எனக்கு எழுதுவான். நான் ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் எங்கள் குசினி மேசையில் இருந்து அதை ஜேர்மன் மொழிக்கு மாற்றி, மனித உரிமை வேலை செய்கிறவர்களிடம் கொடுப்பேன்.

இதையெல்லாம் சாதாரண மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தோம். ஹனோவரில் வேலை செய்த ஒரு தமிழ்நாட்டு என்ஜினியர்தான் அதற்காக என்னைத் திட்டினார். ஒரு சனிக்கிழமை ரயிலேறி வந்து, தன் நண்பர்கள் நடத்திய சின்ன அரட்டைச் சேவை ஒன்றில் எனக்கும் தம்பிக்கும் கணக்குத் திறந்தார். எழுதுவதெல்லாம் பூட்டப்பட்டுப் போகும், நடுவில் எவனும் படிக்க முடியாது என்றார். கடைசியில் திரையில் நீளமாக எழுத்தும் இலக்கமும் வந்தன. தம்பியின் கணக்குக்கான மீட்புத் திறப்பு, ரெக்கவரி கீ என்பார்களே, அது.

"அக்கா, இத கம்ப்யூட்டர்ல சேவ் பண்ணாதீங்க. மெயில்லயும் அனுப்பாதீங்க. பிரிண்ட் எடுத்து சேஃபா வைங்க. இது கையில இருந்தா பாஸ்வேர்ட் இல்லாமலே அக்கவுண்ட மொத்தமா அழிக்கலாம். தொலைஞ்சா நானே நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

தம்பி புதுக் கணக்கில் முதலில் எழுதியதே அதைப் பற்றித்தான். "அக்கா, நான் ரெண்டு நாள் எழுதேல்லை எண்டால் அழிச்சுப்போடுங்கோ. யோசிக்காதேங்கோ. இதுக்குள்ளை பதினேழு குடும்பம் இருக்கு."

பத்திரமான இடம் என்று எங்கள் வீட்டில் ஒன்றுதான் உண்டு: ஓர்ட்னர் என்று இங்கே சொல்லும் தடித்த கோப்பு. அகதியாக வந்தவர்களுக்குத் தெரியும், எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நாம் கொண்டுபோகாத கடுதாசியைத்தான் கேட்பார்கள். ஒருமுறை அப்படி ஆறு மாதம் இழுபட்ட பிறகு, என் கணவர் எதற்குப் போனாலும் கோப்பை முழுதாகவே தூக்கிக்கொண்டு போவார். பல்லுக் காட்டப் போனாலும் கலியாணச் சான்றிதழ் கூடவே போகும். இதைப் பார்த்துச் சிரிக்கிற நானே அந்தத் தாளையும் கொண்டுபோய் அதற்குள் சொருகினேன். அவரிடம் சொல்லவுமில்லை. புத்திசாலி வேலைதான்.

திங்கட்கிழமை மத்தியானம் தம்பி எழுதினான். செவ்வாய் ஒன்றும் வரவில்லை. புதன் மத்தியானமும் திரையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியவில்லை. நான் அலுமாரியைத் திறந்தேன். கோப்பு இல்லை.

கணவர் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "சிற்றிசன்சிப் எடுக்கிற அலுவலா காலமை நகரசபைக்குப் போனனான். வைச்சிட்டுப் போகச் சொன்னவை. கொப்பி எடுக்க வேணுமாம். வாற கிழமை தருவினம்."

"முழுக் கோப்பையுமா?"

"முழுக் கோப்பையும்தான். ஏன்?"

ஏன் என்று சொல்லிக்கொண்டே சப்பாத்தைப் போட்டேன். அவர் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். ட்ராமில் வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று இருவருக்கும் தெரியும்.

அலுவலகத்தில் இருந்த பெண் என்னை நிமிர்ந்து பார்க்காமலே, டெர்மின் இருக்கிறதா என்று கேட்டாள். நேரம் குறித்து வராதவருக்கு அங்கே நாற்காலிகூடக் கிடையாது. ஒரே ஒரு தாள், ஒரு நிமிடம் என்றேன். முடியாது என்றாள். எனக்குக் கோபம் வந்தால்தான் ஜேர்மன் பிழையில்லாமல் வரும். மேசையைத் தட்டி, "என் தம்பியைப் பிடித்துவிட்டார்கள். உங்கள் அலுமாரிக்குள் அவனுடைய திறப்பு இருக்கிறது" என்றேன். பிடித்துவிட்டார்கள் என்று அதுவரை நான் எனக்கே சொல்லியிருக்கவில்லை.

அவள் எழுந்து போனாள். கோப்போடு வந்தாள். நான் அடையாளம் சொல்ல, அந்தத் தாளைத் தானே தேடி எடுத்தாள், பிரதிக் கட்டுக்குள் இருந்த அதன் பிரதியையும் உருவி, இரண்டையும் என் கையில் வைத்தாள். நன்றி சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை.

வீட்டில் கணவர் வாசிக்க நான் தட்டினேன். இரண்டு முறை பிழையாகிப்போனது. மூன்றாம் முறை, எல்லாம் அழிந்துவிடும், மீட்க முடியாது, சம்மதமா என்று கேட்டது.

"கொஞ்சம் பொறும்," என்றார் அவர். "கரண்ட் இல்லையோ என்னவோ. நாளைக்குப் பாப்பம்."

எனக்கும் அதுதான் ஆசை. அழித்தால் அவன் போய்விட்டான் என்று நானே கையெழுத்து வைத்ததுபோல இருந்தது. ஆனால் பதினேழு குடும்பம். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன், மூன்றேகால். அழுத்தினேன்.

பதினோராம் நாள், தம்பி தங்கியிருந்த லொட்ஜ்காரர் தொலைபேசியில் சொன்னார், விட்டுவிட்டார்கள், உயிரோடு இருக்கிறான் என்று. தம்பியின் குரலைக் கேட்க இன்னும் ஒரு மாதம் எடுத்தது. இந்தியாவுக்குத் தப்பி, திருச்சிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே ஒரு கடையிலிருந்து பேசினான்.

"பாஸ்வேர்ட் கேட்டவங்கள் அக்கா. திங்கள் பின்னேரம் பிடிச்சதிலையிருந்து அது ஒண்டுதான் கேட்டவங்கள். செவ்வாயும் சொல்லேல்லை. புதன் சொல்லிப்போட்டன். ஏலாமல் போச்சு."

"பரவாயில்லையடா."

"பாஸ்வேர்டைத் தட்டிப் பாத்தவங்கள். அப்பிடி ஒரு கணக்கே இல்லை எண்டு வந்தது. நான் பொய் சொல்லிப் பேய்க்காட்டுறன் எண்டு நினைச்சிட்டாங்கள். அதுக்குப் பிறகுதான் கையை முறிச்சவங்கள்."

அந்தக் கையை முறித்தது நான் அழுத்திய அழுத்தம் என்றுதான் பட்டது. அப்படியே அவனிடம் சொன்னேன்.

"விசர்க் கதை கதையாதேங்கோ. நீங்கள் எத்தினை மணிக்கு அழிச்சனீங்கள்?"

"இஞ்சை மூண்டேகால். கொழும்பிலை ஆறே முக்கால்."

அவன் வாய்க்குள் மணியைக் கணக்குப் பார்ப்பது கேட்டது.

"அவங்கள் இராச் சாப்பாடு சாப்பிட்டு வந்தாப் பிறகுதான் நான் சொன்னது," என்றான். "ஏழரை இருக்கும். அப்ப நான் பொறுத்தது வீணில்லை, என்ன?"

வீணில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் அழத் தொடங்கிவிட்டான்.