மஞ்சள் பெட்டிக்குக் காவல்

மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில் டிராக்டர் ஓட்டுகிறேன். செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப்போவது என் வேலை. எங்கள் சாலையில் ஒரு வண்டி வாய்க்காலில் விழுந்தால் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. குலை வெட்டுக்காரர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவார்கள். ஆளையும் சாமானையும் கரையேற்றிவிட்டுத்தான் மறுவேலை.

அன்று கவிழ்ந்தது, ஆலைக் குழாய்களின் பற்றவைப்பைக் கதிர்வீச்சால் படம்பிடித்துச் சோதிக்கிறவர்களின் பிக்கப். ஓட்டுநர் கால் மாட்டிக்கொண்டு உள்ளே கிடந்தார். கூட வந்த சோதனைக்காரப் பெண், ரவாங் ஊர்க்காரி, நெற்றியில் இரத்தத்தோடு வெளியே வந்துவிட்டாள். சாலையில் விழுந்து கிடந்த மஞ்சள் பெட்டியைத் தூக்க வெட்டுக்காரர் ஒருவர் குனிந்தார்.

"அண்ணே, அதத் தொடாதீங்க. உள்ள கதிரியக்கப் பொருள் இருக்கு," என்று அவள் கத்தினாள்.

ஓடிவந்த அத்தனை பேரும் பின்வாங்கினோம். வண்டிக்குள் முனகல் கேட்டது.

"வெடிச்சிருமாம்மா?" என்றார் எங்களை மேற்பார்க்கும் மண்டோர்.

"இது பட்டாசு இல்லீங்க."

அவள் கைக்கருவியோடு பெட்டியைச் சுற்றிவந்து கதிர்வீச்சை அளந்தாள்.

"பெட்டி உடையல. நான் இங்கயே நிக்கிறேன், நம்பர் ஏறுனா கத்துறேன். ஆளக் காப்பாத்துறதுதான் முதல்லன்னு எங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்க. போங்கண்ணே."

எந்தக் கூட்டத்திலும் நான் கடைசியில் நிற்கிறவன். அவள் பெட்டிக்கருகில் நிற்கும்போது அப்படி நிற்க முடியவில்லை. சங்கிலியை மாட்டி, நசுங்கிய கதவை டிராக்டரால் இழுத்தேன். மற்றவர்கள் அவரை மெதுவாக வெளியே எடுத்தார்கள். அதற்குள் அவள் பொம்பா தீயணைப்புப் படைக்கும் கம்பெனியின் அவசரக் குழுவுக்கும் போன் செய்து முடித்திருந்தாள்.

தடுப்புக் கயிறு ஒரு பக்கத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது. மறுபக்கம் செம்பனை மட்டைகளை வெட்டிக் குறுக்கே போட்டோம். பிறகு எங்கள் கைகளையும் காலணிகளையும் கருவியால் சோதித்தாள்.

"எனக்கு ஒண்ணும் காட்டலயா? நல்லாப் பாரு லா, தங்கச்சி," என்றார் முதலில் பெட்டியைத் தூக்கக் குனிந்தவர்.

"உங்ககிட்ட சேறு மட்டுந்தான் இருக்கு, அண்ணே."

ஆம்புலன்ஸ் வந்ததும் மண்டோர் அவளையும் ஏறச் சொன்னார். "இத ஒப்படைக்காம நகர முடியாதுங்க," என்றாள். நெற்றியில் துணியை அழுத்தியபடி வெயிலில் நின்றாள். அப்படி ஒருவர் நின்று நான் பார்த்ததில்லை. பயமே இல்லாதவள் என்று நினைத்தேன்.

குழு வந்து, அளந்து, பெட்டியை ஏற்றிக்கொண்டது. அதன் பிறகுதான் கேட்டாள்: "அவருக்கு எப்படி இருக்காம்?"

"கால் எலும்பு முறிஞ்சிருக்காம். உசுருக்கு ஒண்ணுமில்ல," என்றார் போனில் விசாரித்திருந்த மண்டோர்.

அவள் சாலையோரப் புல்லில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினேன்.