இடைவேளையில் அவித்த பயறு

அந்த அட்டைகளை நினைத்தால் இன்றும் எனக்குக் கை வலிக்கிறது. பழைய காலண்டர் அட்டைகளைச் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் ஒரு சொல் எழுதினேன். குடை, வாளி, ஆணி, படகு என்று ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எம்.எட். பட்டத்துக்கான என் ஆய்வேடு முழுவதும் அவற்றின் மேல்தான் நின்றது. பிள்ளைகள் ஒரே மூச்சில் படித்தால் அதிகம் நினைவிருக்குமா, நடுவில் ஓய்வு கொடுத்தால் அதிகம் நினைவிருக்குமா என்பதுதான் கேள்வி. இப்போது இதற்கெல்லாம் அறிதல் அறிவியல் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில், காரைக்குடியில், எங்களுக்கு அது வெறும் ஞாபகம்.

நான் அப்போது தொடக்கப்பள்ளி ஆசிரியை. விடுப்பு எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் விரிவுரையாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. ஜூன் மாதத்துக்குள் பட்டம் கைக்கு வந்துவிட்டால் அது எனக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். வராவிட்டால் பழையபடி இரண்டு பஸ் மாறி வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கப் போக வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடிக்காமல் இல்லை. அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

பரிசோதனை நடத்தப் பள்ளத்தூரில் ஒரு பள்ளி கிடைத்தது. அதன் தலைமையாசிரியையை ஊரே பெரிய டீச்சர் என்றுதான் சொல்லும். ஐம்பதை நெருங்கிய வயது, கணீரென்ற குரல், யார் சொல்லையும் காதில் வாங்காத சுபாவம். பள்ளிக்குப் பின்பக்கமே வீடு. பிள்ளைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தேன். ஒரு கூட்டம் காலையில் அட்டைகளை ஒரே மூச்சில் படித்துவிட்டு வகுப்புக்குப் போய்விடும். மற்றது பாதி படித்துவிட்டு, அரைமணி நேரம் பின்பக்க வராந்தாவில் சும்மா இருந்து, பிறகு வந்து மீதியைப் படிக்கும். அந்த அரைமணியில்தான் முதல் கூட்டத்துக்கு உள்ளே நான் பாடம் நடத்துவேன். ஆகவே வராந்தாவில் நடப்பது எனக்குத் தெரிய வழியில்லை.

ஓய்வெடுத்த கூட்டம் மறுநாள் சொற்களைக் கடகடவென்று ஒப்பித்தது. மற்றது திணறியது. அதைவிட எனக்குப் பெருமை, முதல் கூட்டத்துப் பிள்ளைகள் வந்து, “எங்களையும் அந்தக் கூட்டத்துல போடுங்க டீச்சர்” என்று கெஞ்சியதுதான். ‘இம்முறையில் மாணவர் பெரிதும் ஆர்வம் காட்டினர்’ என்று ஆய்வேட்டில் ஒரு பத்தியே எழுதினேன். தட்டச்சு செய்து, பைண்டு போட்டு, கல்லூரியில் கொடுத்தாகிவிட்டது.

வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய வாரம் வாழைப்பழச் சீப்போடு பெரிய டீச்சருக்கு நன்றி சொல்லப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே, “எனக்கு எதுக்கு ஆத்தா நன்றி? தட்டாம்பயறுக்குச் சொல்லு. வெறும் வயித்தோட வந்த புள்ளைகளைச் சும்மா உக்கார வச்சுட்டு நான் பாத்துக்கிட்டு இருக்கவா? தெனமும் ஒரு சட்டி அவிச்சுக் குடுத்தேன்ல” என்றார். உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கிடைத்தது. நேரே வகுப்புக்குப் போனவர்களுக்கு இல்லை.

வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஓடினேன். நல்ல மனிதர், ஓய்வுபெறும் வயதில் இருந்தவர். “கேக்காத கேள்விக்கு நீங்களாப் பதில் சொல்லாதீக” என்றார். ஆனால் சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் அதைத்தான் முதலில் கேட்டார். “அந்த அரைமணி நேரம் பசங்க என்ன பண்ணாங்க?” பேராசிரியர் ஜன்னல் பக்கம் பார்த்தார். ‘ஓய்வெடுத்தார்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது பயறுதான். தேர்வாளர் கோபிக்கவில்லை. “அப்ப நீங்க அளந்தது ஓய்வையா, பயறையா? திரும்பச் செஞ்சு எடுத்துட்டு வாங்க” என்றார்.

ஜூனுக்கு முன் ஒருமுறை செய்து முடிக்கத்தான் நேரம் இருந்தது. “இந்தத் தடவ யாருக்கும் ஒண்ணும் குடுக்கப்படாதுன்னு அந்தம்மாட்ட கண்டிசனாச் சொல்லிருங்க” என்றார் பேராசிரியர். சொன்னேன். யார் சொல்லையும் கேட்காத பெரிய டீச்சர் அதைக் கேட்டுக்கொண்டார். என் படிப்பைக் கெடுத்துவிட்டோம் என்று அவருக்கு மனசுக்குள் உறுத்தல். புதிய அட்டைகளோடு ஆரம்பித்தோம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மறந்துவிட்ட அட்டைக் கட்டு ஒன்றை எடுக்க வராந்தாப் பக்கம் போனேன். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து அவர் வீட்டு அடுப்படிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து அவர் நின்றிருந்தார், தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி.

“ஏன் டீச்சர் இப்படி நிக்கிறீக?”

“நீதானே ஆத்தா சொன்ன?”

“பயறை அவிங்க டீச்சர். ரெண்டு கூட்டத்துக்கும் குடுங்க.”

“உன் பரீட்சை என்னாகும்?”

அதுவரை எடுத்த மதிப்பெண்களெல்லாம் வீண், மறுபடி புதிய சொற்களோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குள் ஜூன் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். பெரிய தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கதவைப் பார்க்கும் கண்களை இன்னொரு நாள் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

எல்லோரும் சாப்பிட்ட பிறகு இரண்டு கூட்டத்துக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே வரவில்லை. ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். தேர்வாளர் புரட்டிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டார். பட்டம் வந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. கல்லூரி இடத்தில் வேறொருவர் சேர்ந்து மாதங்கள் ஆகியிருந்தன. நான் பழைய பள்ளிக்கே போய், அங்கேயே ஓய்வுபெற்றேன்.

பட்டம் வாங்கிய செய்தியைச் சொல்லப் பெரிய டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தேன். என்னதான் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். “ஒண்ணுமில்ல டீச்சர். ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் ஞாபகம் வச்சிருக்கு” என்றேன். அவர் முகம் அப்படியே மலர்ந்தது.

“அப்ப எல்லாப் புள்ளையும் ஒண்ணுபோலப் படிச்சிருக்கு. இதுல உனக்கு என்ன ஆத்தா வருத்தம்?”

அன்று சிரித்து மழுப்பிவிட்டு பஸ் ஏறினேன். இப்போது அவர் இல்லை. இருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பேன். வருத்தம் இருந்தது டீச்சர். இன்னும் இருக்கிறது. ஆனாலும் அந்த நாள் திரும்ப வந்தால், அந்தக் கதவைத் திறக்கத்தான் சொல்லுவேன்.