உள்ளங்கையில் ஊற்றிய சலைன்

யாராவது என் முன்னால் கோயமுத்தூர்த் தண்ணீரின் ருசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் அந்த ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டராக இருந்தேன். சிறுவாணித் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்தன. அதுவரை உப்புக் கிணறுகளோடு மல்லுக்கட்டிய ஜனங்கள் எல்லோரும் திடீரென்று தண்ணீர் நிபுணர்களாகிவிட்டார்கள். விருந்துக்குப் போனால் சாப்பாட்டைப் பற்றிப் பேச மாட்டார்கள், தண்ணீரைப் பற்றிப் பேசுவார்கள்.

பெரிய டாக்டர் கத்தியைப் பிடிக்கும்போது நோயாளிக்கு மயக்கத்துக்கு ஈதர் கொடுப்பதும், ரத்தக் குழாயில் என்ன ஏற வேண்டும், எவ்வளவு ஏற வேண்டும் என்று பார்ப்பதும் என் வேலை. உப்புக் கரைத்த சலைன், சர்க்கரை கரைத்த குளுக்கோஸ், இரண்டையும் காய்ச்சி வடித்த வாலை நீரில் நானேதான் கலப்பேன். குடுவையில் ஊற்றித் தொங்கவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பெரிய டாக்டருக்கு அந்த வித்தியாசத்தைப் பற்றிக் கவலையும் கிடையாது. கை தங்கமான கை, தலைக்கனம்தான் தாங்காது.

ஒரு நாள் காலையில் சூலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பண்ணைக்காரர் தன் மகனை மாட்டு வண்டியில் கிடத்திக்கொண்டு வந்தார். தோட்டத்துக் கிணறு உப்பாகிவிட்டதால் புதுக் கிணறு வெட்டியிருக்கிறார்கள். பாறைக்கு வைத்த வெடியில் கல் தெறித்து, மகனின் மண்டையோடு ஓரிடத்தில் உள்ளே அமுங்கிவிட்டது. இருபத்தைந்து வயதிருக்கும். முந்தின நாளிலிருந்து வாந்தி எடுத்து உடம்பு காய்ந்து கிடந்தது, நினைவும் தப்பிக்கொண்டிருந்தது. அமுங்கிய எலும்பைத் தூக்கிவிட்டால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் இல்லை.

நான் சலைனைத் தயார் செய்தேன். அடிபட்ட மூளை தானாகவே வீங்கும். சர்க்கரைத் தண்ணீரை ஏற்றினால் உடம்பு சர்க்கரையை எரித்துவிடும், மிஞ்சுவது வெறும் தண்ணீர். ஊறப்போட்ட கடலை மாதிரி மூளை இன்னும் உப்பும். இதைப் படித்தும் இருந்தேன், ஒரு தடவை கண்ணாலும் பார்த்திருந்தேன்.

பண்ணைக்காரர் குடுவையை அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க, இது என்ன தண்ணிங்க?"

"உப்புத் தண்ணிங்க. ரத்தத்துல இருக்கற அளவுக்குத்தான் உப்புப் போட்டிருக்குது."

அவர் உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். "ஒரு வாய் ஊத்துங்க பாக்கலாம்."

அவர்கள் பக்கத்தில் புதுக் கிணற்றில் ஊற்றுக் கண்டதும் பண்ணைக்காரர்தான் முதலில் கையில் ஏந்திக் குடித்துப் பார்ப்பார். நல்ல தண்ணீர் என்று அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் வாய் வைப்பார்கள். கலந்ததில் மிச்சமிருந்ததைக் கையில் ஊற்றினேன். உறிஞ்சியவர் சுவர் ஓரமாகத் துப்பினார்.

"இந்த உப்புக்குப் பயந்துதானுங்க புதுக் கெணறே வெட்டப் போனோம். இது பாஞ்சுதான் என்ற தென்னையெல்லாம் கருகிப்போச்சு. இதையே என்ற பையன் ஒடம்புக்குள்ள பாச்சறீங்களா?"

சத்தம் கேட்டுப் பெரிய டாக்டர் வந்தார். விளக்கிச் சொல்வார் என்று பார்த்தால், "அந்த இன்னொன்னையும் ஊத்திக் குடு" என்றார். பண்ணைக்காரர் குளுக்கோஸைச் சப்புக்கொட்டிக் குடித்தார். இன்னொரு வாய் வேறு கேட்டார்.

"இது தண்ணிங்க" என்றார்.

"கேட்டியல்ல? இதையே மாட்டு."

"மூளை வீங்குமுங்க."

"சக்கரை ஆகாரம்ப்பா. நீ உன்ற ஈதரைப் பாரு."

ஒரு உயிருக்கு எது ஏற வேண்டும் என்பதை ஒரு நாக்கு முடிவு செய்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் குடுவையைத் தரையில் போட்டு உடைத்திருப்பேன். உடைக்கவில்லை. சொன்னதை மாட்டினேன்.

எலும்பைத் தூக்கியதும் நான் பயந்தது நடந்தது. திறந்த வழியாக மூளை பிதுங்கி மேலே வந்தது. "என்னப்பா, இப்படிப் பொங்குது?" என்று பெரிய டாக்டர் கத்தினார். நாடி தளர்ந்துகொண்டே போயிற்று. அலமாரியில் கெட்டியான உப்புக் கரைசல் கொஞ்சம் வைத்திருந்தேன்; வீங்கிய மூளையிலிருந்து தண்ணீரை அது இழுத்துவிடும். அதை மெதுவாக ரப்பர்க் குழாயில் செலுத்தினேன். குளுக்கோஸைக் கழற்றிவிட்டுச் சலைனை மாட்டினேன்.

"என்ன மாத்தறே?"

"குடுவை காலிங்க. அதே தண்ணிதானுங்க."

கால் மணி நேரத்தில் மூளை தணிந்து உள்ளே இறங்கியது. அவர் தைத்து முடித்தார்.

கேஸ் ஷீட்டில் 'குளுக்கோஸ்' என்றே எழுதினேன். உண்மையை எழுதினால் வேலை போய்விடும் என்ற பயம் பாதி. அந்த மனிதரோடு இன்னொரு தடவை வாயைக் கொடுக்கவே பிடிக்காத வெறுப்பு பாதி.

பையன் பிழைத்து நடந்து வீட்டுக்குப் போனான். பண்ணைக்காரர் ஒரு வண்டி நிறைய வாழைத்தார் கொண்டுவந்து இறக்கினார். "என்ற நாக்குத்தானுங்க பையனக் காப்பாத்துச்சு" என்று வார்டு வார்டாகச் சொல்லிக்கொண்டு போனார். பெரிய டாக்டர் பல் தெரியச் சிரித்தார். நான் தூணோரம் நின்று இரண்டு பேரையும் மனத்துக்குள் திட்டித் தீர்த்தேன். உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதில் ஒரு சுகமும் இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து, கோபிசெட்டிபாளையத்தில் தங்கை கல்யாணத்துக்கு நாலு நாள் லீவில் போனேன். என் இடத்தில் புதிதாக வந்த டாக்டர் ஒருவர் இருந்தார். திரும்பி வந்தபோது வராந்தாவில் ஒரு பெண் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். கிணத்துக்கடவிலிருந்து வந்த வண்டிக்காரரின் மனைவி. வண்டி குடை சாய்ந்து அவருக்கும் மண்டையோடு அமுங்கியிருக்கிறது. ஆபரேஷனில் மூளை வீங்கி, தணியவே இல்லை. அன்று விடியற்காலை இறந்துபோனார்.

நேராகப் போய்ப் புது டாக்டரைப் பிடித்துக்கொண்டேன். "என்ன ஏத்துனீங்க?"

"குளுக்கோஸுங்க."

"யார் சொன்னது? அந்தப் பெரிய மனுசனா?"

"இல்லீங்க. அவரு, தண்ணி சமாச்சாரம் உங்களுக்குத்தான் தெரியும், உங்களக் கேளுன்னாருங்க. நீங்க ஊர்ல இல்லீங்களே."

அவர் அலமாரியைத் திறந்து பண்ணைக்காரர் மகனின் கேஸ் ஷீட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நான் மொதல்ல சலைன்தானுங்க எடுத்து வெச்சிருந்தேன். நீங்க எழுதுனதப் பாத்துப்போட்டுத்தான் மாத்துனேன்."