திருநாதர்குன்றில் துணைக்கு உட்கார்ந்தவள்

அருகன் அடி தொழும் அன்பர்களே, ஒரு பிள்ளையைத் தொலைத்துவிட்டு நின்ற நாளைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளை இல்லை. எனக்குப் பிள்ளை கிடையாது. மனைவி முதல் பிரசவத்திலேயே குழந்தையோடு போய்விட்டாள். தொலைந்தவன் நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் படித்த மாணவன், சண்முகம்.

அங்கே மாணவர் நல அலுவலகத்தில் சேர்ந்து, தலை நரைக்கும் வரை அதே நாற்காலியில் இருந்தவன் நான். விடுதியில் இடம் ஒதுக்குவது, காய்ச்சல்காரனை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, ஊருக்குத் தந்தி அடிப்பது, அடித்துக்கொண்டவர்களைச் சமாதானம் செய்வது எல்லாம் என் தலையில்தான். பகலெல்லாம் என்னைச் சுற்றிக் கூட்டம். ஆனால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற நம் சமண வழக்கம் இருக்கிறதே, அதனால் காலியான சாப்பாட்டுக் கூடத்தில் தினமும் நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவேன். சமையல்காரர் தட்டை வைத்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். பிறகு மணியடித்து எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு உள்ளே போகும்போது, நான் அறைக் கதவைச் சாத்தியிருப்பேன். மந்திரம் சொல்வதுகூட வெறும் வாய்ப் பழக்கமாகிவிட்டிருந்தது. எனக்கென்று யாரிடம் என்னத்தைக் கேட்பது என்று இருந்துவிட்டேன்.

சண்முகத்தைச் சேர்க்க அவன் அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். கணவனை இழந்தவர். பையனை வெளியே அனுப்பிவிட்டு, அவனுக்கு வலிப்பு வரும் என்பதைத் தணிந்த குரலில் சொன்னார். கூடப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்தால் அவன் படிப்பையே விட்டுவிடுவான், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். சரியென்று வாக்குக் கொடுத்தேன்.

அறுபத்தாறாம் வருஷம், பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, சரித்திர மாணவர்களைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். உங்கள் ஊர்ப்பக்கம்தானே என்று என்னையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். ஊர்ப்பக்கம்தான். ஆனால் நைனா, அம்மா இருவரும் போய், நிலமும் பங்காளிகள் கைக்குப் போனபிறகு, எங்கள் கிராமத்துக்குத் திரும்புகிற பாதையை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அந்தப் பஸ்ஸில் எல்லோரும் பாட்டும் கூத்துமாக இருந்தார்கள். சண்முகம் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து ஊரைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தான். செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்று இருப்பதையும், அங்கே ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருப்பதையும், அந்தக் காலத்தில் முனிவர்கள் அங்கே உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்டதையும் சொன்னேன். அவ்வளவு அக்கறையாக என் பேச்சை யாரும் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

ராஜகிரி உச்சி அவனுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். கல்யாண மகால் நிழலில் இருக்கச் சொல்லிவிட்டு மற்றவர்களோடு ஏறினேன். இறங்கி வந்து பார்த்தால் ஆளைக் காணோம்.

புளிச்சோற்றுப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டு முடியும்வரை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. சினிமாக் கொட்டகையில் மேட்னி பார்க்கப் போயிருப்பான் என்று பேராசிரியர் சிரித்தார். நான் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். எங்கே பார்த்தாலும் செங்குத்துப் பாறை, பாழடைந்த சுவர், ஆழம் தெரியாத குளம். வலிப்பு வந்தால் உயிர் போவதற்கு இவற்றில் ஒன்றே போதும். இதை யாரிடமும் சொல்ல முடியாமல், சொல்லாமலும் இருக்க முடியாமல் தவித்தேன். கடைசியில் பேராசிரியரைத் தனியாக அழைத்துச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பாதிப் பேரை மலைக்கும் பாதிப் பேரைச் சக்கரகுளத்துக்கும் அனுப்பினார். குளத்தில் இறங்கிப் பார்க்க ஊர்க்காரர் இருவர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

அதைப் பார்த்ததும் குளக்கரையில் உட்கார்ந்து அழுதேன். அந்தத் தாய்க்கு எந்த வாயால் சொல்வேன்? அருகன் விருப்பு வெறுப்பைக் கடந்தவர், அவரிடம் இதைத் தா அதைத் தா என்று கேட்பது நம் முறையல்ல. தெரியும். ஆனாலும் அன்று முறை பார்க்கிற நிலையில் நான் இல்லை. அருகன் அடியாரைக் காக்கிற தருமதேவியைக் கூப்பிட்டேன். "தாயே, எனக்குன்னு ஒண்ணும் கேட்டதில்ல. இந்தப் புள்ள ஒண்டியா கெடக்கிறான். அவன் பக்கத்துல யாரையாச்சும் அனுப்பு" என்று வாய்விட்டே சொன்னேன்.

சொல்லி முடித்ததும் அந்த இருபத்துநான்கு பேரின் முன்னால் போய் விழ வேண்டும் என்று தோன்றியது. அவனைத் தேடிப் போகிறேன் என்ற நினைப்பே எனக்கு இல்லை. செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு சிறுகடம்பூர் வழியாக மிதித்தேன். குன்றில் ஏறும்போது பொழுது மேற்கே நன்றாகச் சாய்ந்திருந்தது.

பெரிய பாறைக்குக் கீழே சண்முகம் மல்லாந்து படுத்திருந்தான். தலைமாட்டில் ஒரு பெண் உட்கார்ந்து, முந்தானையை விரித்து அவன் முகத்தில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் நமோகார மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், சத்தம் போடாதே என்று கை காட்டினார்.

குன்றடியில் கொல்லை வைத்திருக்கிற, நம் சமண நயினார் வீட்டுப் பெண், பெயர் ராஜமதி. மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை எடுத்தவர், பாறையடியில் கண்ணை மூடிக் கிடந்த பையனைப் பார்த்து மேலே வந்திருக்கிறார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு, வலிப்பு வந்து ஓய்ந்த மயக்கத்தில் அவன் வேண்டாமென்று தலையை ஆட்டியிருக்கிறான். இடமோ திருநாதர்குன்று. அன்னமும் தண்ணீரும் துறந்து நோன்பு இருக்க வந்தவன் என்றே அந்த அம்மாள் முடிவு கட்டிவிட்டார். வேறு எந்த ஊராக இருந்தாலும் குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று தாண்டிப் போயிருப்பார்கள். நடுவில் இரண்டு முறை அவன் தள்ளாடி எழுந்து சரிவுப் பக்கம் நடந்திருக்கிறான். கையைப் பிடித்து அழைத்து வந்து படுக்க வைத்திருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னதும் ராஜமதிக்கு வெட்கமாகிவிட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கொல்லை வேலையை விட்டுவிட்டு இவ்வளவு நேரம் ஏனம்மா உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன்.

"நோம்புல இருக்கிறவங்கள ஒண்டியா வுடக் கூடாதுண்ணா. காதுல மந்திரம் உழுந்துகினே இருக்கணும். ஆரு பெத்த புள்ளயோ, பக்கத்துல ஒருத்தர் வேணும்ல?"

நான் குளக்கரையில் கேட்டது அதைத்தான். அதே வார்த்தை. கேட்பதற்கு முன்பே அங்கே அவர் உட்கார்ந்தாயிற்று. அந்தப் பாறை முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

சண்முகம் நன்றாகத் தெளிந்த பிறகு, நீங்க சொன்ன இருபத்துநாலு பேரையும் பாக்கணும்னு தோணிச்சு சார், வழி கேட்டு நடந்தே வந்துட்டேன் என்றான். அவனைக் கோட்டைக்கு அழைத்துப் போய்ச் சேர்த்தேன். பேராசிரியர் வலிப்பு விஷயத்தைத் தம்மோடு வைத்துக்கொண்டார். சண்முகம் படிப்பை முடித்து வாத்தியாராகப் போனான்.

அதுவரை நோயாளி மாணவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தந்தி அடித்ததும் என் வேலை முடிந்தது என்று அறைக்குத் திரும்பிவிடுவேன். அதன்பிறகு அப்படிப் போனதில்லை. அந்த மாசியில் காமாலை கண்டு படுத்த ஒருவனுக்குப் பக்கத்தில், அவன் வீட்டார் வரும்வரை ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். நீங்க போகலியா சார் என்று அவன் கேட்டான். எனக்குப் போக வேறு இடமில்லையப்பா என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைத் துக்கமில்லாமல் சொன்னேன்.

அன்பர்களே, உங்களில் யாரேனும் என்னைப் போல ஒண்டிக்கட்டையாக இருந்தால், நமக்கென்ன கேட்க இருக்கிறது என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். தேவியைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு, உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஆளில்லாமல் கிடக்கிற ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவருக்காக வேறு யாரோ எங்கேயோ தேவியிடம் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.