மாமியார் தொட்டால் ஓடும் கிரைண்டர்

டிரிப்பரைக் கழற்ற வேண்டும் என்று போன வாரம் உறுவையாறிலிருந்து போன் வந்தது.

மாட்டச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கழற்றச் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. கிளம்பினேன்.

நான் வயரிங் வேலை செய்கிறவன் – இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். வில்லியனூரைச் சுற்றித்தான் வேலை. அந்த வீட்டு மெயின் போர்டில், கோளாறு என்றால் தானாகவே கரண்டை நிறுத்துகிற அந்த டிரிப்பரை மாட்டியதும் நான்தான். மூன்று வருஷம் இருக்கும்.

வீட்டில் மூன்று பேர். ஆரோக்கியமேரி அக்கா. அவருடைய மகன் சகாயராஜ், கம்பெனி வேலை. மூன்று மாசத்துக்கு முன் கல்யாணமாகி வந்த மருமகள் ஜெனிட்டா.

சகாயராஜ்தான் விஷயத்தைச் சொன்னான். கிரைண்டரை ஜெனிட்டா தொட்டால் டிரிப்பர் விழுந்துவிடுகிறது. மொத்த வீட்டுக்கும் கரண்ட் போய்விடுகிறது. அம்மா தொட்டால் ஒன்றும் ஆவதில்லை. அதே கிரைண்டர், அதே மாவு.

"கிரைண்டர்ல கோளாறு இருந்தா அம்மாவுக்கும் விழணும் இல்ல? டிரிப்பர்தான் கெட்டுப் போச்சுணா. கழட்டிட்டு டைரக்டா குடுத்துடு."

ஆரோக்கியமேரி அக்கா வேறு மாதிரி சொன்னார். "டிரிப்பர் இன்னா பண்ணும் பாவம்? இவ கை அப்படி. இவ கை வச்சா வூடே இருட்டாயிடுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஜெனிட்டா சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதும் இதே பேச்சுதானாம். தெருவில் நாலு பேருக்குத் தெரிந்துவிட்டது – ஜெனிட்டா கை வைத்தால் கரண்ட் போகும்.

தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று முதல் வாரமே அவள் சொல்லியிருக்கிறாள். அத்தை வந்து தொட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அதோடு முடிந்தது. மாவு ஆட்டச் சோம்பல்படுகிற பெண் சாக்கு சொல்கிறாள் என்று ஆகிவிட்டது.

டிரிப்பரில் டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கும். அமுக்கினேன். டப்பென்று விழுந்தது. டிரிப்பர் நல்லாத்தான் இருக்கிறது. திரும்பத் தூக்கிவிட்டேன்.

சமையலறைக்குப் போனேன். கழுவிவிட்ட சிமெண்ட் தரை, ஈரம். ஜெனிட்டா வெறுங்கால். ஆரோக்கியமேரி அக்கா காலில் செருப்பு.

வீட்டுக்குள் செருப்பா? சர்க்கரை. காலில் புண் வந்து ஆறியதிலிருந்து டாக்டர் சொன்ன எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு. படுக்கிற வரைக்கும் கழற்றுவதில்லை. புதிதாக வந்த மருமகள் மாமியார் வீட்டுச் சமையலறையில் செருப்புப் போட்டு நடப்பாளா? நம் ஊரில் நடக்கிற காரியமா?

ஸ்விட்சைப் போட்டு கிரைண்டர் உடம்பில் டெஸ்டரை வைத்தேன். டெஸ்டர் விளக்கு எரிந்தது. உள்ளே மோட்டாரில் ஈரம் இறங்கி, கரண்ட் மேல் தகட்டுக்கு வந்திருக்கிறது.

டிரிப்பர் செய்கிற வேலை ஒன்றுதான். போன கரண்ட் முழுசாகத் திரும்பி வந்ததா என்று பார்க்கும். கொஞ்சம் குறைந்தாலும் ஆஃப். ஆனால் குறைய வேண்டுமென்றால் கரண்ட் எங்காவது வெளியே போக வேண்டும் இல்லையா? கிரைண்டருக்கு அடியில் ரப்பர் கால். போக வழியில்லை. தகட்டிலேயே நிற்கிறது... யாராவது தொடட்டும் என்று.

மாமியார் தொட்டால் செருப்பு தடுக்கிறது. மருமகள் தொட்டால் அவள் வழியாகத் தரைக்கு இறங்குகிறது. டிரிப்பர் விழுகிறது.

எர்த் வயர் இருந்தால் கரண்ட் அதன் வழியாக மண்ணுக்குப் போயிருக்கும். சுவர் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினேன். மூன்று ஓட்டை இருக்கிறது. மேலே இருக்கிற பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயர் இல்லை. உங்கள் வீட்டில் இருக்கிறதா? பார்த்ததுண்டா?

சகாயராஜ் நம்பவில்லை. சரி என்று டெஸ்ட் லேம்பை எடுத்தேன். ஹோல்டரில் பல்பு, இரண்டு பக்கம் வயர், அவ்வளவுதான். ஒரு முனையைத் தோட்டத்துக் கைபம்பு இரும்புக் குழாயில் கட்டினேன். இன்னொரு முனையைக் கிரைண்டரில் வைத்தேன். பல்பு ஒரு வெட்டு வெட்டியது. டிரிப்பர் விழுந்தது.

ஜெனிட்டா வாசப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு.

ஆரோக்கியமேரி அக்கா செருப்பைக் கழற்றப் போனார். தானே தொட்டுப் பார்க்கிறாராம். வேண்டாம் என்று தடுத்தேன். டிரிப்பர் விழும்தான். ஆனால் விழுவதற்குள் அடிக்கிற அடியை எல்லா உடம்பும் தாங்கும் என்று யார் சொல்வது?

"டைரக்டா குடுத்திருந்தா?" என்று கேட்டான் சகாயராஜ்.

"கரண்டு அவ கைய விட்டிருக்காதுபா" என்றேன்.



சேதி சொல்கிற சாமானைத்தான் நாம் முதலில் கழற்றப் பார்க்கிறோம். சொல்கிற ஆள் பேச்சையும் அப்படித்தான்.

மறுநாள் சகாயராஜ் லீவு போட்டான். இரண்டு பேரும் தோட்டத்தில் எர்த் ராடு அடித்தோம். போர்டு வரைக்கும், அங்கிருந்து சமையலறை சாக்கெட் வரைக்கும் மூன்றாவது வயர் இழுத்தேன். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அதே கிரைண்டரின் ஸ்விட்சைப் போட்டேன். போட்ட உடனே டிரிப்பர் விழுந்தது.

"யாரும் கிட்டயே போவலையேபா?" என்றார் ஆரோக்கியமேரி அக்கா.

"அதான்கா வேணும். ஆளு தொடறதுக்கு முன்னாடியே விழுந்துடணும். எர்த் இல்லாட்டி, ஆளு தொட்டாதான் அதுக்குத் தெரியும்."

கிரைண்டரை மோட்டார் கடைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அப்போதுதான் ஜெனிட்டா முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"அப்ப மூணு மாசமா இந்த ஒயரு வேலைய நான் பாத்துகினு இருந்தனாண்ணா?"

ஆமாம்மா என்றேன்.

இன்னொன்றும் இருந்தது. டிரிப்பர் மாட்டிய அன்றே அந்த வீட்டில் எர்த் இல்லை என்று நான் பார்த்தேன். டிரிப்பர்தான் இருக்கிறதே, போதும் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டேன். அப்படி விட்டுவிட்டு வருகிற ஆட்கள் பாகூர் வரைக்கும் இருக்கிறார்கள். அதனால் சரி ஆகிவிடுமா?

அதையும் சொன்னேன். மூன்று பேரும் கேட்டார்கள்.

அந்த வீட்டில் எப்போதும் வருகிற டீ அன்றைக்கு வரவில்லை.