மீசைக் கத்திரியில் ஒரு நீள முடி

கிரிவலப் பாதைப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கிற பார்லரில், அந்தப் பெண் என் பின்னலின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஸ்ப்ளிட் எண்ட்ஸ் ஜாஸ்தி இருக்குக்கா. சீரம் போட்டா ஒட்டிக்கும்" என்றாள். பிளந்தது எங்கே ஒட்டும்? அவள் நீட்டிய குப்பியைவிட, மேசையில் வாய் பிளந்து கிடந்த கத்திரிமேல்தான் என் கண். கத்திரியைச் சந்தேகப்படுவது எனக்குப் பிறந்த வீட்டுப் பழக்கம்.

அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்த வருடம் அது. அவர் எழுந்து மலையை ஒரு சுற்று நடந்து வந்துவிட்டால், என் முடியைக் குலதெய்வத்துக்குப் பூமுடியாகத் தருவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். பூமுடி என்றால் மொட்டை இல்லை, நுனியில் கொஞ்சம். அதுவரை என் தலையிலும் அப்பாவின் தாடியிலும் கத்திரி படக்கூடாது. பட்டால்? அந்த வாக்கியத்தை அம்மா ஒருபோதும் முடித்ததில்லை.

சாமிக்கென்று நேர்ந்துவிட்ட நுனிதான் முதலில் கெட்டது, பாருங்கள். எங்கள் தெரு போர் தண்ணீர் பக்கெட்டிலேயே வெள்ளையாகப் படியும், முடியை விட்டுவைக்குமா? ஒவ்வொன்றும் பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்து நின்றது. அம்மா செம்பருத்தி இலை அரைத்துத் தேய்த்தாள். ஈரத்தலையைத் துண்டால் அடிக்காதே என்றாள். பிளாஸ்டிக் சீப்பை வீசிவிட்டு மரச்சீப்பு வாங்கினாள். தேங்காயெண்ணெய் ஊறி என் சரித்திரப் புத்தகத்தில் சோழர்களுக்கு நடுவே பல்லவர்கள் தெரிந்தார்கள். பிளவு மட்டும் மேலே ஏறிக்கொண்டே இருந்தது. சீப்பு சிக்கும்போதெல்லாம் அழுவேன்.

பக்கத்து வீட்டு நூர்ஜான் அக்கா துணி தைப்பவள். "நுனிய வெட்டி வுட்டா சரியாப் பூடும்கா" என்று அம்மாவிடம் வாயை விட்டுவிட்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா என் பின்னலை அவிழ்த்தபோது சீப்பு தடங்கலில்லாமல் இறங்கியது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அம்மாவோ என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"யாரு வெட்னது?"

"யாரும் வெட்டலமா. செம்பருத்திமா."

நான் உண்மையாகவே செம்பருத்தியை நம்பினேன். அம்மா நம்பவில்லை. நேரே பக்கத்து வீட்டுக்குப் போய், தைக்கக் கொடுத்த ரவிக்கைத் துணியைத் திரும்ப வாங்கினாள்.

"ஒங்க பொண்ணு முடிய வச்சி நான் இன்னாக்கா பண்ணப்போறேன், பட்டனுக்குக் காஜா எடுக்கவா?" என்றாள் நூர்ஜான் அக்கா. "ரம்ஜான் துணியே மலையா கெடக்குது."

அதன்பின் அப்பா இருமினால், அம்மா திரும்பி என் பின்னலைப் பார்ப்பாள்.

அம்மாவுக்கு லாட்ஜில் வேலை, வர இருட்டிவிடும். சாயங்காலம் எனக்குத் தலைவாரிவிடுவது அப்பாதான். நான் குனிந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். பின்னால் கிரிச் கிரிச் என்று கேட்கும். ஃபேன் என்று நினைத்திருந்தேன். அந்த ஃபேன் அப்படிப்பட்டதுதான்.

ஒருநாள் கண்ணாடி மாடத்தைத் துடைக்கப்போன அம்மா, அப்பாவின் மீசைக் கத்திரியை எடுத்துவந்தாள். புதிதாக எண்ணெய் விட்டிருந்தது. அதன் திருகில் ஒரு நீள முடி.

"மாசக்கணக்கா தாடி வளக்குற மனுசனுக்குக் கத்திரி எதுக்குங்க?"

அப்பா தாடியைத் தடவிக்கொண்டார். "பொண்ணு தெனம் அழுவுது. எனக்காகத்தான வேண்டிக்கின? என் பங்கக் கொஞ்சம் முன்னாடியே எடுத்துக்கினேன்."

அம்மா சிரிக்கவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு அப்பா நடந்தார். அவர் விடுகிற ஒவ்வொரு மூச்சையும் சந்தேகப்பட்டபடி அம்மா பின்னால் வந்தாள். பாதி வழியில், அடி அண்ணாமலை என்கிற ஊரில், ஒரு டீக்கடை பெஞ்சில் அப்பா சட்டென்று உட்கார்ந்தார். அம்மா ஓடிவந்து அவர் நெஞ்சில் கை வைத்தாள். "கத்திரி பட்டுச்சுல்ல…"

"டீக்குத்தாம்மா ஒக்காந்தேன்." குடித்தார், எழுந்தார், மிச்சத்தையும் நடந்து முடித்தார்.

மறுநாள் அந்த ரவிக்கைத் துணி என் கையில் நூர்ஜான் அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போனது. அம்மா வரவில்லை. அக்கா ரவிக்கையின் கையை மட்டும் இறுக்கமாகத் தைத்து அனுப்பினாள்.

அப்பாவுக்குப் பின் அம்மாவும் போய்விட்டாள். நூர்ஜான் அக்கா இருந்த வீடு இப்போது செல்போன் கடை.

சீரம் வேண்டாம், வெட்டிவிடு என்றேன் பார்லர் பெண்ணிடம். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்து, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு நுனியைத் தடவிப் பார்த்தேன். யாரு வெட்னது என்று கேட்க ஒருவரும் இல்லை.