வண்டோடு ஃப்ரிபூர்க் போய் அறுபத்தெட்டுப் புள்ளி எடுத்த கதை

2019 ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் இருக்கும் துன் நகரத்திலிருந்து ஃப்ரிபூர்க் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு நாயோடு தனியாகப் போய் வந்தேன். போனது ராலி ஒபீடியன்ஸ் போட்டிக்கு. பெயர்தான் பெரிது, விடயம் எளிது. ஒரு புல்வெளியில் பதினைந்து பலகைகள் நட்டிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படம் இருக்கும்: இங்கே நாய் குந்தி இருக்க வேண்டும், இங்கே படுக்க வேண்டும், இங்கே ஒரு முழுச் சுற்று. ஆளும் நாயும் சேர்ந்து வரிசையாக நடந்து முடிக்க வேண்டும். நூறு புள்ளியில் தொடங்கிப் பிழைக்குப் பிழை கழிப்பார்கள். எழுபதுக்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. இதில் ஒரு வசதி, நடக்கிற நேரம் முழுக்க நாயோடு கதைத்துக்கொண்டே போகலாம். அதற்காகத்தான் மூன்று வருடங்களுக்கு முன் இதில் சேர்ந்தேன். வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு வராது.

பிறகு குரல் போய்விட்டது.

அந்த வருடம் பெப்ரவரியில் தைரொய்ட் ஒப்பரேசன். கட்டியை எடுத்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் குரலுக்குப் போகும் நரம்பு ஒன்று சோர்ந்துவிட்டது. அப்படி நடக்கலாம் என்று முதலே சொல்லிக் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள், ஒருவரையும் குறை சொல்வதற்கில்லை. சில மாதத்தில் திரும்பலாம், ஒரு வருடமும் ஆகலாம், திரும்பாமலும் விடலாம் என்றார் வைத்தியர். ஹோட்டல் வரவேற்பில் நின்ற என்னை உள்ளே ஓர் அறையில் மின்னஞ்சல் பார்க்க இருத்தினார்கள். வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும்.

வண்டுக்கு அது விளங்கவில்லை. வண்டு என் நாய், நாலு வயது ஷெல்டி. ஆடு மேய்க்கிற இனத்தில் சிறியது. மேய்க்க ஆடு இல்லாவிட்டால் பிள்ளைகளையும் சைக்கிளையும் வளைத்துக்கொண்டு வரும். "இரு", "கிட", "வா" என்று தமிழில்தான் பழக்கியிருந்தேன். அந்தச் சொற்கள் ஒரே நாளில் நின்றுபோனதும் அவன் என் வாயையே பார்த்தபடி நிற்பான். பிறகு அலுத்துப்போய் வேறு வேலை பார்க்கப் போய்விடுவான்.

மார்ச்சில் ஆரே ஆற்றங்கரையில் கழுத்துப்பட்டியிலிருந்து தலையை இழுத்துக்கொண்டு ஓடி, ஒரு சைக்கிளைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தான். ஓட்டிவந்த மனிதர் விழுந்தார். முழங்கையில் கீறல், அவ்வளவுதான். நான் முப்பது மீற்றர் தள்ளி நின்று வாயை அகலத் திறந்து ஒரு சத்தமும் வராமல் கத்திக்கொண்டிருந்தேன். என் கணவர் சிவா பக்கத்தில் நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "உம்மாலை இப்ப கூப்பிடேலாது. நாளைக்கு அது ஒரு பிள்ளையை விழுத்தினால் என்ன செய்வீர்?"

அவருடைய அண்ணன் குடும்பம் லாங்கன்தாலில் தோட்டம் வைத்த வீட்டில் இருக்கிறது. வண்டை அங்கே கொடுக்கலாம் என்றார். நான் அழுததில் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, கையாலை பழக்கும். இலையுதிர்காலத்துக்குள்ள ஒரு சோதினை பாஸ் பண்ணிக் காட்டும். இல்லாட்டி அண்ணையிட்டைக் குடுப்பம்."

ஆறு மாதம் கைச்சைகை பழக்கினேன். உள்ளங்கையை மேலே தூக்கினால் இரு. கையை நேரே உயர்த்தினால் கிட. தொடையில் இரண்டு தட்டுத் தட்டினால் வா. பயிற்சி வகுப்பில் எல்லாம் சரியாக வந்தது, வெளியில் பாதிதான் வந்தது. கடைசியில் பருவத்தின் கடைசிப் போட்டிகளில் ஒன்றுக்குப் பதிவு செய்தேன்.

நாயோடு ரயிலேறுபவர்கள் முதலில் ஓர் அடிமட்டத்தை எடுத்து நாயின் தோள் உயரத்தை அளந்து பாருங்கள். 30 சென்ரிமீற்றருக்குள் இருந்தால் பைக்குள் வைத்து இலவசமாகக் கொண்டுபோகலாம். வண்டு 36. ஆகவே அவனுக்கும் அரை டிக்கெட். அரைக்கட்டண அட்டை இருப்பதால் எனக்கும் அதே விலை, ஆளுக்கு 15 பிராங் 60. மனிசிக்கும் நாய்க்கும் ஒரே விலை என்று சிவா சிரித்தார். அன்று காலை அவருக்கு ஹோட்டல் சமையலறையில் வேலை, வர முடியாது. வாசலில் வண்டின் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவருக்கும் மனசில்லை என்பது எனக்குத் தெரியும்.

7:04க்குத் துன்னில் ஏறினோம். பேர்னுக்கு 18 நிமிடம். அங்கே 12 நிமிட இடைவெளி. 7:34 ரயில் 7:55க்கு ஃப்ரிபூர்க்கில் விட்டது. ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான இந்தப் பயணத்தில் மூன்று தடவை இருக்கை மாறினேன். இரண்டு தடவை பையைத் திறந்து தடுப்பூசிப் புத்தகம் இருக்கிறதா என்று பார்த்தேன். வண்டும் படுக்கவில்லை. நான் எழும்பினால் எழும்பினான், நான் இருந்தால் என் சப்பாத்தின் மேல் இருந்தான்.

பஸ் 8:06க்கு, ரயில் நிலையத்தின் பக்கத்திலேயே. ஏறும்போது சாரதி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "தமிழோ அக்கா?"

தலையாட்டினேன். பஸ்ஸில் வேறு ஒருவரும் இல்லை. முன் இருக்கையில் இருந்தேன்.

"நாயோட எங்க போறீங்கள்?"

சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"ஏன் அக்கா இவ்வளவு மெல்லமாக் கதைக்கிறீங்கள்? இதுக்குள்ள ஆரும் இல்லை."

எழும்பிக் கிட்டப் போய் "ஒப்பரேசன்" என்று தொண்டையைக் காட்டினேன். அவர் வானொலியை நிறுத்தினார். அதற்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் அவருக்குக் கேட்டது.

"நாயை நடத்திக் காட்டவோ இவ்வளவு தூரம்? காசு ஏதும் தருவினமோ?"

"இல்லை."

"பிறகேன்?"

"பாஸ் பண்ணாட்டி இவனைக் குடுக்கவேணும்."

அவர் கண்ணாடியில் வண்டைப் பார்த்தார். இறங்கும்போது, "ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒண்டுதான் அக்கா. 13:42 பஸ்ஸை விட்டிடாதேங்கோ. விட்டால் 15:42 தான்," என்றார். பஸ் பயணம் 14 கிலோமீற்றர், 24 நிமிடம்.

எனது முறை 11:20க்கு. 8:30க்கே போய் நின்றேன். இதை ஒருவரும் செய்யாதீர்கள். மூன்று மணித்தியாலம் காத்திருக்க எனக்கும் தெரியாது, ஷெல்டிக்கும் தெரியாது. பதிவு மேசையில் 30 பிராங் ஏற்கெனவே கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டினேன். பிறகு மைதானத்தைச் சுற்றி நடந்தேன், தேவாலயம் வரை நடந்தேன், திரும்பி வந்து மறுபடி நடந்தேன். வேலிக்கு அப்பால் மாடுகள், கழுத்தில் மணியோடு. ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் வண்டின் காது திரும்பியது. பத்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். 11:42 வரை பஸ் இல்லை என்பதால் நின்றேன்.

10:50க்கு நாயில்லாமல் ஒரு தடவை பாதையை நடந்து பார்க்க விட்டார்கள். நடுவர் நரைத்த தலை, உயரமான பெண். பிரெஞ்சில் சொல்லிவிட்டு, ஜெர்மன் பக்கத்திலிருந்து வந்த எங்களுக்காக ஜெர்மனிலும் சொன்னார். பலகைகள் எல்லாம் தெரிந்தவைதான்.

உள்ளே போனதும் எனக்குத் தெரிந்தது எதுவும் என்னிடம் இருக்கவில்லை. முதல் பலகையில் வண்டு இருந்தான். இரண்டாவதில் கயிறு இறுகியது, ஒரு புள்ளி. நாலாவதில் கிடக்கச் சொல்லிக் கையை உயர்த்தினேன். அவன் ஒரு கணம் யோசித்தான். அந்த ஒரு கணத்தைப் பொறுக்க முடியாமல் கையை இன்னொரு தடவை உயர்த்தி, தொடையில் தட்டி, விரலாலும் காட்டினேன். அவன் எழும்பி என்னைச் சுற்றி ஓடினான். திரும்பச் செய்தோம், மூன்று புள்ளி போயிற்று. ஆறாவதில் அதே கதை, இன்னொரு மூன்று. எட்டாவது பலகையை நான் பார்க்காமலே தாண்டிவிட்டேன், பத்துப் புள்ளி. சாப்பாட்டுக் கிண்ணங்களைச் சுற்றி எட்டுப் போடும் இடத்தில் நான் தப்பான பக்கத்தால் வளைந்தேன், இன்னொரு பத்து.

பதினோராவது பலகைக்கு முன் வண்டு நின்றுவிட்டான். நின்று, என்னைப் பார்த்து இரண்டு தடவை குரைத்தான், ஐந்து புள்ளி. மாட்டைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்து. எனக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போயிற்று. கைகளைக் கீழே விட்டுவிட்டுச் சும்மா நின்றேன். களைப்புத்தான், வேறொன்றுமில்லை. அவன் வாயை மூடினான். என் கையைப் பார்த்தான். நான் உள்ளங்கையை ஒரே ஒரு தடவை தூக்கினேன். இருந்தான்.

மிச்சப் பலகைகளை அப்படியே நடந்து முடித்தோம்.

அறுபத்தெட்டு. தாளைத் தரும்போது நடுவர் ஜெர்மனில் சொன்னார்: "கடைசி ஐந்து பலகையில் நான் ஒன்றும் கழிக்கவில்லை. அதற்கு முன்னால் உங்கள் கைகள் மிக அதிகமாகப் பேசின. எது கட்டளை, எது பயம் என்று நாய்க்குத் தெரியவில்லை." நன்றி சொன்னேன். அவருக்குக் கேட்டிருக்காது.

திரும்பும்போது ஃப்ரிபூர்க்கிலிருந்து பேர்ன் வரை சிவாவிடம் என்ன சொல்வது என்றே யோசித்தேன். ரயிலில் வைத்துத் தாளை நாலாக மடித்தேன், எட்டாகவும் மடித்தேன். தாள் துலைஞ்சுபோச்சு, எழுபத்தொண்டு எடுத்தனாங்கள் என்று சொல்லலாம். அவர் ஒருநாளும் போய்ச் சரிபார்க்கமாட்டார். பேர்னில் இறங்கும்போது அப்படித்தான் சொல்வது என்று முடிவே எடுத்துவிட்டேன்.

ஞாயிறு பின்னேரம் பேர்ன் ரயில் நிலையம் நிறைந்து வழியும். துன் ரயில் வரும் மேடையில் சனத்துக்குள் நடந்தோம். பின்னால் வந்த ஒருவரின் பெட்டிச் சில்லு கயிற்றில் ஏறியது. கயிறு என் கையிலிருந்து பறந்தது. வண்டு பயந்து பாய்ந்தான். கயிறு இழுபட, கால்களுக்கு இடையால் மேடையின் ஓரமாகவே ஓடினான். ரயில் வருவதாக ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது. தூரத்தில் விளக்குத் தெரிந்தது.

வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

இருபது மீற்றர் தள்ளி அவன் நின்று திரும்பினான். மேய்க்கிற நாய் அப்படித்தான், தன் ஆள் எங்கே என்று ஒரு தடவை பார்க்கும். என் கால்கள் ஓடத் தயாராக இருந்தன. நான் ஓடினால் அது விளையாட்டென்று அவனும் ஓடுவான், அவனுக்குப் பக்கத்தில் மேடை முடிகிறது. நின்றேன். கையை நேரே உயர்த்தினேன், ஒரு தடவை. பிறகு அசையவில்லை. அவன் யோசித்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு நீண்ட ஒரு கணம் இருந்ததில்லை. பிறகு அந்தச் சனத்துக்குள், அழுக்குத் தரையில், முன்னங்காலை நீட்டிக் கிடந்தான்.

ரயில் அவனைத் தாண்டி வந்து நின்றது. அவன் எழும்பவில்லை. நான் நடந்தே போனேன். கயிற்றை எடுத்துக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். அவனுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன். அந்த ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் போனோம்.

சிவா வேலை முடிந்து நாலரைக்கு வீட்டுக்கு வந்தார். "எப்பிடி?" என்றார்.

மடித்த தாளைக் கொடுத்தேன். அவர் விரித்து, பார்த்து, மேசையில் வைத்தார். பிறகு பேர்னில் நடந்ததையும் சொன்னேன். கயிறு கையைவிட்டுப் போனது என் பக்கத்துக்கு நல்ல கதையில்லை என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் எனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு, குனிந்து கேட்டார்.

"ரயில் வந்துகொண்டிருந்ததோ?"

"ஓம்."

"நீர் ஓடேல்லையோ?"

"இல்லை."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பதினாறு வருடமாக என்னைத் தெரிந்தவர். பிறகு எழும்பிக் குளிக்கப் போய்விட்டார். அன்றிரவு நான் நன்றாக நித்திரை கொள்ளவில்லை.

இனிப் போகப் போகிறவர்களுக்குச் சில விடயங்கள். உங்கள் முறைக்கு ஒரு மணித்தியாலம் முதல் போனால் போதும். ஞாயிற்றுக்கிழமைக் கிராமத்து பஸ் நேரத்தை முதல் நாளே பார்த்து வையுங்கள். பிரெஞ்சு தெரியாவிட்டால் பயமில்லை, பலகைகள் படம்தான். தடுப்பூசிப் புத்தகம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பெரிய நிலையங்களில் கயிற்றைக் கையில் பிடிக்காதீர்கள், இடுப்பில் கட்டுங்கள். இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன். குரல் இருப்பவர்களும் கைச்சைகையைப் பழக்கி வையுங்கள். சைகை காட்டிய பிறகு கையைச் சும்மா விடுங்கள், நாய்க்கு யோசிக்க நேரம் வேண்டும். எனக்கு அது இன்னும் முழுதாக வரவில்லை. இதை எழுதும்போதும் மூன்று தடவை எழும்பிப் போய்விட்டு வந்தேன். குரலுக்கு டிசம்பரில் இன்னொரு பரிசோதனை இருக்கிறது.

வண்டு என்னவானான் என்று கேட்பீர்கள். அடுத்த நாள் காலை நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது சிவா சமையலறையில் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். நான் நிற்பது அவருக்குத் தெரியாது.

"அண்ணை, நாய் வரேல்ல," என்றார். "ஓம், பெயில்தான். அறுபத்தெட்டு." மற்றப் பக்கத்தில் என்ன கேட்டார்களோ தெரியாது. போனை மற்றக் காதுக்கு மாற்றிவிட்டுச் சொன்னார், "இல்லை அண்ணை. அவள் கூப்பிட்டது அதுக்குக் கேட்டிருக்குது."